நடையும் நிழற்படமும்

ஒரு நகரை அறிவதற்கு வழிகள் பல. அதன் வரலாற்றை நூலிற் படிக்கலாம். தேசப்படத்தை விரித்து வைத்து ஆராயலாம். பஸ்ஸிலேறி ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைவரை சென்று மீளலாம். இவை யாவும் பயனுடையனவே. ஆயினும், கையில் ஒரு கமராவுடன் தெருத்தெருவாக நடப்பவருக்குக் கிட்டும் அறிவு வேறு வகையினது. படம் எடுப்பதற்கு முதலில் நிற்க வேண்டும். எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, வெயில் எப்பக்கத்திலிருந்து விழுகின்றது என்றெல்லாம் எண்ண வேண்டும். இவ்வாறு எண்ணும்போது, நாள்தோறும் கடந்து சென்ற கட்டடமும் புதியதாய்த் தோன்றுகின்றது.

நேயர்களே, கைத்தொலைபேசியே கமராவாகவும் அமைந்துவிட்ட இக்காலத்தில் படம் எடுக்காதவர் அரியர். எனினும், நாம் எடுக்கும் படங்களுட் பெரும்பாலானவை மனிதர் முகங்களே. நாம் வாழும் தெரு அவற்றிலே தற்செயலாகத் தலைகாட்டுவதோடு சரி. அத்தெருவையே பொருளாகக் கொண்டு நடப்பது எவ்வாறு, அதனால் விளையும் பயன் யாது என்பன பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் பாரிஸ் நகரில் வாழ்ந்த யூஜீன் அட்ஜே என்பவர். முன்னர் நாடக நடிகராக இருந்த அவர், 1890களின் இறுதியிலிருந்து 1927ஆம் ஆண்டில் இறக்கும்வரை பழைய பாரிஸைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டார். 18 சதம மீற்றர் அகலமும் 24 சதம மீற்றர் நீளமும் உடைய கண்ணாடித் தட்டுகளையும், மரத்தாலான பெரிய கமராவையும், முக்காலியையும் சுமந்துகொண்டு விடியற்காலையிலே தெருக்களுக்குச் செல்வார். அவர் நாடியவை பெரும் மாளிகைகள் மட்டுமல்ல. கடை முகப்புகள், முற்றங்கள், மாடிப்படிகள், கதவுக் கைப்பிடிகள், தெரு வணிகர் ஆகியனவும் அவர் படங்களில் இடம்பெற்றன. படத்தின் பின்புறத்தில் இடத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிவைப்பது அவர் வழக்கம். 1920ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவரிடமிருந்து இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகளை விலைக்கு வாங்கியது. அவற்றிற் கண்ட தெருக்கள் சில பின்னர் அழிந்தன, படங்கள் எஞ்சின.

அவர் பாரிஸிற் செய்ததை நாம் நமது கொழும்பிற் செய்யலாம். கோட்டையிலிருந்து தொடங்குவோம். கோட்டை என்னும் பெயர் உண்டேயன்றி மதில் இல்லை. ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டு முதலாக அதனை இடித்து அகற்றினர். சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். 1857ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட அதன் உச்சியிலே, பின்னர் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கும் ஏற்றப்பட்டது. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழுந்து ஒளியை மறைத்தமையால் 1952ஆம் ஆண்டில் அவ்விளக்கு நிறுத்தப்பட்டது. ஆகவே, கோபுரத்தை மட்டும் தனித்தெடுத்தல் போதாது. சற்றே பின்வாங்கி, அதனை நெருக்கி நிற்கும் கட்டடங்களையும் சேர்த்தெடுத்தாற்றான் அப்படம் வரலாறு கூறும். அருகிலிருந்து அண்ணாந்து எடுத்தாற் கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோலத் தோன்றும். பின்வாங்குவதால் அக்குறையும் பெரிதும் நீங்கும்.

அங்கிருந்து புறக்கோட்டை சிறிது தூரமே. பிரின்ஸ் வீதியிலே, ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரீ பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இல்லம், உயர்ந்த தூண்களோடு இன்று நூதனசாலையாக நிற்கின்றது. இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1908ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி மறு ஆண்டில் நிறைவெய்தியது. பிரதான வீதியின் கோடியிலே கய்மன் வாசலும் அதன் பழைய மணியும் உள்ளன. கய்மன் என்பது முதலையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். அவ்விடத்து நீர்நிலையில் ஒருகாலத்தில் வாழ்ந்தவை எவை என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. அப்பாற் செட்டியார் தெருவிலே நகைக்கடைகளின் நடுவே கதிரேசன் கோயில்கள். மேட்டின்மீது 1757ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற உல்பெண்டால் தேவாலயம். முற்பகல் ஒன்றில் நடந்து முடிக்கத்தக்க தூரத்துக்குள் இத்தனையும் அடங்கியுள்ளன.

இனி, வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் நண்பகலிற் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர், உச்சிவேளையில் நமது நிழல் நம் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதைக் காணலாம். அவ்வேளையிற் சுவர்களின் சித்திர வேலைப்பாடு புலப்படாது. மனிதர் கண்கள் இருண்ட குழிகளாகத் தோன்றும். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வெயில் சாய்ந்து விழும்போதே கல்லும் மரமும் தம் வடிவைக் காட்டும். கிழக்கு நோக்கிய முகப்புக்குக் காலையும், மேற்கு நோக்கியதற்கு மாலையும் உகந்தவை.

தெருவில் உழைப்போர் காட்சிப் பொருள்களல்லர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மூட்டை சுமக்கும் நாட்டாமையையோ, மரக்கறி விற்கும் அம்மாவையோ படமெடுக்க விரும்பினால் முதலில் ஒரு சொல் கேளுங்கள். மறுத்தால் வணங்கி விலகுங்கள். வணக்கத்தலங்களிலும் அவ்வாறே. அரச மாளிகை, துறைமுகம், படைத்துறை நிலையங்கள் ஆகியவற்றின் அருகே அனுமதியின்றிக் கமராவை எடுத்தலாகாது.

இவ்வளவு முயற்சியும் எதற்காக? நகரம் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய கொழும்பு திராம் வண்டிகள் 1960ஆம் ஆண்டில் நின்றன. அது மெல்ல வந்த மாற்றம். 1983 யூலையிலோ, புறக்கோட்டையிலே தமிழர் கடைகள் சில நாட்களுக்குள் எரிந்து சாம்பராயின. அக்கடைகளின் பெயர்ப்பலகைகள் எவ்வெழுத்தில் இருந்தன, கல்லாப்பெட்டி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று இன்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், காட்டுவதற்குப் படம் உள்ள வீடுகள் எத்தனை? திருமணக் கோலத்துப் படங்கள் பத்திரமாயிருக்கும். அக்கல்யாணத்துக்குச் சோறு போட்ட கடையின் படம் இராது. நாள்தோறும் காண்பதை யார் படமெடுப்பார் என்று இருந்துவிட்டோம்.

ஆகவே, பெரும் பயணம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு தெருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை, அதே இடத்தில் அதே வேளையில் நின்று அதனைப் படமெடுங்கள். படத்தைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் இடம், நாள், கடையின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். குறிப்பில்லாத படம் இருபது ஆண்டுகளில் ஊமையாகிவிடும். ஒரு பிரதியை வீட்டில் வைத்து, மற்றொன்றை அருகிலுள்ள பாடசாலை நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ கொடுங்கள். ஒன்று அழிந்தாலும் மற்றது நின்று பேசும்.