விழுந்தும் எழுந்த ஆலயம்



இலண்டன் மாநகரின் சீப்சைடு வீதியில் தூய மரியாளின் பெயரால் ஒரு திருச்சபை ஆலயம் உண்டு. 'செயின்ட் மேரி-லெ-போ' என்று அழைப்பார்கள். 'போ' என்றால் வளைவு. 1080ஆம் ஆண்டளவில், பேராயர் லான்ஃப்ராங்கின் காலத்தில், நிலத்தடியில் கல் வளைவுகளால் ஒரு மண்டபம் அமைத்து, அதன்மேல் ஆலயத்தை எழுப்பினார்கள். பெயரின் காரணம் அதுவே.

கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1091இல் பெரும் சுழற்காற்று கூரையைப் பிய்த்தெறிந்தது. 26 அடி நீள உத்திரங்கள் தரையில் புதைந்து, 4 அடி மட்டுமே வெளியே தெரிந்ததாகப் பழைய வரலாறு கூறுகிறது. திரும்பக் கட்டினார்கள். 1271இல் கோபுரம் சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. புதிய கோபுரம் நிறைவுபெற்றது 1512இல்தான். தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள்.

1666இல் மூண்ட பெருந்தீயில் நகரின் 87 திருச்சபை ஆலயங்கள் எரிந்தன. அவற்றில் 51 மட்டுமே மறுபடியும் கட்டப்பட்டன. இவ்வாலயம் அவற்றில் ஒன்று. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நகருக்குள் வந்த நிலக்கரிமேல் விதித்த வரியிலிருந்து. ஆகவே குளிருக்கு அடுப்பு மூட்டிய ஏழையின் காசும் அந்தச் சுவர்களில் சேர்ந்திருக்கிறது. சிற்பி கிறிஸ்டோபர் ரென் கோபுரத்துக்குத் தோண்டியபோது, 18 அடி ஆழத்தில் 4 அடி கனமுள்ள பழைய ரோமர் காலத்துச் சாலையைக் கண்டார். அதையே அஸ்திவாரமாக்கிக்கொண்டார். 1680இல் கோபுரம் நிறைவடைந்தது.

பின்பு உலகப்போர். 1941 மே 10ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளால் ஆலயம் எரிந்தது; மணிகள் கீழே விழுந்து நொறுங்கின. கோபுரமும் வெளிச்சுவர்களும் எஞ்சின. ஆனால் 1926இல் பதிவுசெய்திருந்த அந்த மணியோசையை பி.பி.சி. வானொலி ஒலிபரப்பிக்கொண்டேயிருந்தது. இருளில் அமர்ந்து கேட்டவர்களுக்கு அது நம்பிக்கையின் குரலாயிற்று. இடிபாடுகளில் பொறுக்கிய உலோகத்தையும் சேர்த்து 1956இல் புதிய மணிகள் வார்த்தார்கள். 1961இல் அவை ஒலித்தன. 1964இல் ஆலயம் மறுபிரதிஷ்டை பெற்றது.

கூரை, கோபுரம், மணி எல்லாம் விழுந்தன. நிலத்தடியில் முதலில் இட்ட கல் வளைவுகளோ இன்றும் நிற்கின்றன. கன்மலையின்மேல் கட்டிய வீட்டைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். அஸ்திவாரம் இட்டவர்கள் யாரென்று வீதியில் போகிறவர் கேட்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மறுபடி கட்ட வந்தவர்களுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது.