ஒன்பது ரன்னும் ஓயாத வாதமும்

கொழும்பு ராயல் கல்லூரியில் படித்த ஒருவரிடமும் புனித தோமஸ் கல்லூரியில் படித்த ஒருவரிடமும், இரு பள்ளிகளுக்கும் இடையிலான கிரிக்கெட்டில் இதுவரை யாருக்கு எத்தனை வெற்றி என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கு வரும். காரணம், 1885-இல் நடந்த ஓர் ஆட்டம். அந்த ஆண்டு ராயல் அணி வெறும் 9 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. மறுநாள் ஆட்டம் தொடரவில்லை. அதைத் தங்கள் வெற்றி என்று தோமஸ் தரப்பு எழுதிவைத்திருக்கிறது. முடியாத ஆட்டம் டிரா என்று ராயல் தரப்பு சொல்கிறது. ஆடியவர்கள், பார்த்தவர்கள், தீர்ப்புச் சொன்ன நடுவர்கள் யாருமே இன்று இல்லை. வாதம் மட்டும் ஒவ்வொரு மார்ச் மாதமும் புதிதாக எழுகிறது.

இலங்கையில் 'கல்லூரி' என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம். கொழும்பின் இந்த ஆட்டம் 1879-இல் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடியதாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் மாணவர்களுக்கு மட்டுமானது. இரண்டு உலகப் போர்களின்போதும் அது நிற்கவில்லை. பப்பரே வாத்தியம், கொடி, லாரி ஊர்வலம், நரைத்த தலையோடு மீண்டும் மாணவராகிவிடும் பழைய மாணவர்கள் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆட்டம் முடிந்த பிறகு இந்த ரசிகர்கள் எதை வைத்து வாதாடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அவர்கள் கையில் இருப்பது செய்தித்தாளும் ஸ்கோர் புத்தகமும்தான். அவை முழுமையாக இருந்தால் வாதம் ஆட்டத்தைப் பற்றியதாக இருக்கும். இல்லாவிட்டால் வீம்பு மட்டுமே மிஞ்சும்.

வடக்கின் போர்

தமிழருக்கு நெருக்கமான இத்தகைய பள்ளி ஆட்டம் யாழ்ப்பாணத்தில் நடக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ஆட்டத்துக்கு 'வடக்கின் போர்' என்று பெயர். ஊர்க்காரர்கள் 'சென்றல்', 'சென் ஜோன்ஸ்' என்றுதான் சொல்வார்கள். இரண்டுமே மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள். ஆறுமுக நாவலர் படித்ததும் கற்பித்ததும் பீட்டர் பெர்சிவல் நடத்திய மெதடிஸ்த பள்ளியில். அதுதான் பின்னாளில் மத்திய கல்லூரி ஆனது. 1823-இல் தொடங்கிய பரியோவான் கல்லூரி சுண்டுக்குளியில் இருக்கிறது.

ஆட்டம் நடக்கும் மத்திய கல்லூரி மைதானம் யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் இருக்கிறது. 1981-இல் எரிக்கப்பட்ட பொது நூலகமும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். உள்நாட்டுப் போரில் ஷெல் விழுந்த நிலத்தில், இடம்பெயர்ந்து திரும்பிய பிள்ளைகள் மட்டையும் பந்துமாக நின்றார்கள். போரால் தடைபட்ட ஆண்டுகளும் உண்டு. அதன் பிறகும் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. இந்த மண்ணில் கிரிக்கெட்டுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரும் உண்டு. பரியோவான் கல்லூரி அதிபர் சி. இ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஆட முடியும் என்று நம்பிய ஆசிரியர் அவர். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியின் உள்ளர்த்தமும் அதுதான். போர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் பத்திரிகை நடத்துவதும் எளிதாக இருக்கவில்லை. 1985-இல் தொடங்கிய 'உதயன்' நாளிதழ் போருக்கு நடுவிலும் யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்தது. 2006 மே 2 அன்று அதன் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 சாலை மூடப்பட்ட பிறகு தாளுக்குத் தட்டுப்பாடு வந்து பக்கங்கள் குறைந்தன. அத்தகைய ஊரில் அச்சாகும் ஒரு பள்ளி ஆட்டத்தின் ஸ்கோருக்குத் தனி மதிப்பு உண்டு. டொரன்டோவிலும் லண்டனிலும் சிதறிப்போன பழைய மாணவர் அதைப் பார்த்துத்தான் தன் பள்ளி இன்னும் இயங்குகிறது என்று தெரிந்துகொண்டார்.

ஒரு தலைப்பு செய்த வேலை

செய்தி எழுதுபவர் ரசிகரின் நினைவையே மாற்றிவிட முடியும். அமெரிக்காவில் 1968 நவம்பர் 23 அன்று ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகள் மோதின. இது அமெரிக்கக் கால்பந்து. கையால் பந்தை எறிந்து ஆடுவது. அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளும் அதுவரை தோற்கவில்லை. கடைசி 42 விநாடியில் 16 புள்ளி எடுத்து ஹார்வர்டு 29-29 என்று சமன் செய்தது. மாணவர் நாளிதழான 'ஹார்வர்டு கிரிம்சன்', ஹார்வர்டு 29-29 என்ற கணக்கில் யேலை வென்றது என்று தலைப்பிட்டது. சமனான ஆட்டத்தை வெற்றி என்று சொன்ன அந்த ஒரு வரி இன்றுவரை நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து அதே தலைப்பில் ஆவணப்படமும் வந்தது.

1885 கொழும்பு ஆட்டத்தோடு இதை வைத்துப் பாருங்கள். ஹார்வர்டு ரசிகர் என்ன பெருமை பேசினாலும், 29-29 என்ற கணக்கில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உண்மை உறுதியாக இருப்பதால் அங்கே கொண்டாட்டத்துக்கும் இடம் இருக்கிறது. கொழும்பில் முடிவே தகராறு. விளையாட்டுச் செய்தியின் முதல் கடமை முடிவை ஐயமில்லாமல் பதிவு செய்வது. வர்ணனை அதற்குப் பிறகுதான்.

பக்கம் கொடுத்தால் பெயர் வளரும்

பள்ளி ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே சாட்சி. 'அப்சர்வர்' பத்திரிகையின் ஆண்டின் சிறந்த பள்ளி வீரர் விருதை 1979-இல் முதலில் பெற்றவர் ரஞ்சன் மடுகல்லே. 1991-இல் பெற்றவர் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன். டெஸ்ட் ஆட்டத்தில் 800 விக்கெட் எடுத்த கைக்கு முதலில் ஊர் அறிந்த பெயர் வாங்கிக் கொடுத்தது பள்ளி ஆட்டமும், அதைத் தொடர்ந்து எழுதிய பத்திரிகையும்தான். யாழ் மத்திய கல்லூரியில் பந்து வீசிய லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024-இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லிலும் ஆடினார்.

மைசூரு சொல்வது

இந்தியாவில் கல்லூரி ஆட்டம் இப்படி ஒரு ஊரின் திருவிழாவாக நிலைக்கவில்லை. ஆனால் கல்வி வளாகத்துக்கு வந்து ஆட்டம் பார்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதை மைசூரு காட்டியது. 2010 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் மைசூர் பல்கலைக்கழகத்தின் கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்தது. கர்நாடகமும் மும்பையும் மோதின. மாணவர்களும் ஊர் மக்களும் திரண்டார்கள். இடமில்லாதவர்கள் மரத்தில் ஏறினார்கள். 338 ரன் இலக்கைத் துரத்திய கர்நாடகம் மணீஷ் பாண்டேவின் 144 ரன்னால் நெருங்கிவந்து, 331-இல் ஆட்டமிழந்தது. மும்பைக்கு 6 ரன்னில் வெற்றி. பெரிய நகரங்களில் ரஞ்சி ஆட்டம் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆட்டம் தங்களுடையது என்று தோன்றினால் ரசிகர் தானாக வருவார்.

மைசூருக் கல்லூரிகளுக்குக் கிரிக்கெட்டில் சொந்தப் பெருமையும் உண்டு. சுழற்பந்து வீச்சாளர் ஈ. ஏ. எஸ். பிரசன்னா அங்கே தேசியப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1962-இல் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கிய பின், படிப்பை முடிக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். திரும்பி வந்து மொத்தம் 189 விக்கெட் எடுத்தார். டெஸ்டில் 236 விக்கெட் எடுத்த ஜவகல் ஸ்ரீநாத் படித்தது அதே ஊரின் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியில். படிப்பும் ஆட்டமும் ஒரே வளாகத்தில் வளர முடியும் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எழுதும்போது காக்க வேண்டியது

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் பதினேழு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். சம்பளம் வாங்கும் வீரரை விமர்சிக்கும் அதே கடுமையை இவர்கள்மேல் காட்டக் கூடாது. கேட்சை விட்ட பையனின் பெயரைத் தலைப்பில் போட்டு, தோல்விக்கு அவனே காரணம் என்று எழுதினால், அவன் அந்தச் சுமையை வாழ்நாள் முழுக்கச் சுமப்பான். ரசிகர் திண்ணையில் திட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். அச்சில் வந்தது மறையாது. தோற்ற அணியில் நன்றாக ஆடியவருக்கும் நான்கு வரி ஒதுக்க வேண்டும். நடுவர் தீர்ப்பில் ஐயம் இருந்தால் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, நோக்கம் கற்பிக்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர்ப் பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்து ரசிகர் அந்தப் பத்திரிகையை மட்டுமல்லாமல் ஆட்டத்தையும் வெறுக்கத் தொடங்குவார்.

தமிழ்நாட்டில் நூறு ஆண்டு கடந்த கல்லூரிகள் பல இருக்கின்றன. கிரிக்கெட்டோ கால்பந்தோ ஹாக்கியோ, பக்கத்துக் கல்லூரியோடு ஆடிய ஆட்டங்களின் ஸ்கோர் புத்தகங்களைத் தேடி எடுத்து நூலகத்தில் வையுங்கள். இந்த ஆண்டு நடக்கும் ஆட்டத்தின் முழு ஸ்கோரையும் ஆண்டு மலரில் அச்சிடுங்கள். நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள் அதற்கு வாரம் ஒரு பத்தி கொடுக்கட்டும். பழைய மாணவர்களே, உங்கள் கல்லூரி ஆடும் நாளில் மைதானத்துக்குப் போங்கள்; உரக்க வாதாடுங்கள்; ஆனால் ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுங்கள்.