ஒரு கூட்டல் கணக்கும் ஒரே வேர்ச்சொல்லும்

ஆடுகோடியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி கன்னடப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தகப்பனார் தர்மபுரிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கும் வேலைக்கு வந்தவர். ஒரு நாள் மாலை அவள் கணக்கு நோட்டை நீட்டினாள்.

"உங்க பாஷை எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர்.

பெற்ற மகளிடம் "உங்க பாஷை" என்று சொன்னது என் காதில் சுருக்கென்று தைத்தது.

"கூடிசின்னு போட்டிருக்குப்பா" என்றாள் அவள்.

"கூட்டச் சொல்றாங்களா?" என்று கேட்டு, விரல் விட்டு எண்ணிச் சொன்னார். விடை சரி!

ரயில்வேயில் தினமும் கூட்டிக் கழிக்கும் நானும் இதை எண்ணிப் பார்த்ததில்லை.

தானாகச் சேர்வது 'கூடு'. நாம் சேர்ப்பது 'கூட்டு'. ஓடு-ஓட்டு, ஆடு-ஆட்டு என்பது போல டகரம் இரட்டிக்கிறது. கன்னடத்திலும் 'கூடு' உண்டு. அங்கே 'இசு' சேர்ந்து 'கூடிசு' ஆகிறது. தெலுங்கில் கூட்டல் 'கூடிக'. மலையாளத்தில் நண்பன் 'கூட்டுகாரன்'. பர்ரோ, எமனோ ஆகிய அறிஞர்கள் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாகக் காட்டுகிறது.

பருப்பும் காயும் சேர்ந்தால் கூட்டு. குப்பையை ஒன்றுசேர்த்தால் வீடு கூட்டுவது. கட்சிகள் சேர்ந்தால் கூட்டணி. பங்கு போட்டுத் தொழில் செய்தால் கூட்டாளி. பலர் பணம் போட்டு நடத்தினால் கூட்டுறவு.

ஊர்ப் பெயர்களிலும் இந்தச் சொல் வாழ்கிறது. மதுரைக்குக் கூடல் என்று பழம்பெயர். கர்நாடகத்தில் துங்கையும் பத்ரையும் கலக்கும் ஊர் கூட்லி. கிருஷ்ணையும் மலப்பிரபையும் கலக்குமிடம் கூடலசங்கமம். 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணரின் பெயரோடு இணைந்த தலம் அது. நாம் 'செய்யக் கூடாது' என்பதைக் கன்னடத்தார் 'மாடகூடது' என்கிறார்கள். தடுப்பதிலும் ஒற்றுமைதான்!

காவிரித் தகராறு வரும்போதெல்லாம் இரு மொழிக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். 1991 டிசம்பரில் இந்த நகரம் பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் கூட்டல் கணக்குக்கு இரு வீட்டிலும் ஒரே சொல்தான்.

இப்போது அந்தத் தகப்பனார் தினமும் மாலையில் மகளோடு உட்காருகிறார். நேற்று கழித்தல் பாடம். 'களெயிரி' என்று படித்தாள்.

"களையெடுக்கிறதுதானே? அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.