உஷார்! களிமண் பேவர் மேல் வெறும் இரும்புத் தகடா?

பென்னாகரத்திலோ அரூரிலோ வீட்டு வாசலுக்குச் சுட்ட களிமண் பேவர் இறக்கியிருக்கிறீர்களா? காம்பேக்டர் மெஷின் வந்ததும் முதல் வேலையாக அதன் அடித்தகட்டைப் பாருங்கள். வெறும் இரும்பாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே விடாதீர்கள்! ஒரு மத்தியான நேரம் போதும், மொத்தத் தரையும் பல் உடைந்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு பூச்சு, பாலிஷ் எதுவும் உதவாது.

நம்ம ஆட்களுக்குக் கை பழகியது கான்கிரீட் பேவரில். அது அச்சில் வார்த்தது. கனம் ஒரே சீராக இருக்கும். களிமண் கல் சூளையில் சுருங்கி வருவது. ஒரே லோடிலேயே கல்லுக்குக் கல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். துருத்தி நிற்கும் கல்தான் மெஷினின் அடி முழுவதையும் வாங்கும். கல் கெட்டிதான், ஆனால் விளிம்பு சில்லுசில்லாகத் தெறிக்கும்.

ஆகவே தகட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் கட்டாயம். வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், கறுப்புத் தடம் விழுகிறதா என்று முதலில் ஓரத்தில் நாலு கல் மேல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து, மேஸ்திரி பெருமையாகச் சொல்லும் வேலை: "நூல்கூட நுழையாது சார், அவ்வளவு நெருக்கம்!" ஐயோ, அதுதான் வேண்டாம். கல்லோடு கல் முட்டினால் அதிர்வில் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். 2 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். மெஷின் ஏறுவதற்கு முன்பே அந்தச் சந்தில் காய்ந்த பொடி மணலைத் தள்ளிவிட்டு, மேலே கிடப்பதைச் சுத்தமாகக் கூட்டிவிடுங்கள். தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கும் ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கீறல். பிறகு மறுபடி மணல், மறுபடி ஓட்டம்.

ஓரத்தில் கெர்ப் கல் கட்டாத பக்கமாக இருந்தால் 1 மீட்டர் தள்ளியே மெஷின் நிற்கட்டும். ரோடு ரோலர்? பேச்சே வேண்டாம்.

சந்தில் சிமென்ட் பால் ஊற்றும் பழக்கமும் இங்கே இருக்கிறது. அது கல்லின் முகத்தில் படிந்து காயும். அதை எடுக்க ஆசிட் வரும். ஆசிட் பட்டால் சிவப்பு திட்டுத்திட்டாக வெளுக்கும்.

அடித்தளம் பற்றி ஒரே வார்த்தை: பைப் போடத் தோண்டி மூடிய பள்ளம் இருந்தால் அதைத் தனியாக, முன்னாடியே இறுக்குங்கள். அதன் மேல், கல்லுக்கு அடியில் விரிக்கும் மணல் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. மேடுபள்ளத்தை மணலைக் கொட்டிச் சரிக்கட்டினால் முதல் மழையிலேயே இறங்கும்.

கல்லிலேயே ஏமாறுகிறவர்களும் உண்டு. சுவருக்கு வைக்கும் சாதா சூளைச் செங்கலைப் "பேவர்" என்று தள்ளிவிடுவார்கள். தளத்துக்கான சுட்ட செங்கலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3583, அது கேட்பது சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் தாங்குதிறன், நீர் உறிஞ்சல் 5 சதவீதத்துக்குள். சாதா செங்கலுக்கு ஐ.எஸ். 1077-இல் 20 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு ரப்பர் பாய் போட்டும் பயனில்லை, கார் சக்கரமே அரைத்துவிடும். ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடை போட்டுப் பாருங்கள். லோடு இறக்குவதற்கு முன்னால்!