ஹேண்டில் சுற்றாமல் மில் எஞ்சினை இயக்கலாம்

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். யட்டவத்தயில் மிளகாய், மல்லி அரைக்கும் மில்லோ தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்போ நடத்துபவருக்கு மின்சாரம் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அப்படியான நாளில் கைகொடுப்பது மூலையில் கிடக்கும் பழைய டீசல் எஞ்சின்தான். ஆனால் அதை ஹேண்டில் போட்டுச் சுற்ற ஆள் வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். சுற்றும் ஆள் வராத நாளில் எஞ்சின் இருந்தும் பயனில்லை.

சாதாரண ஸ்டார்ட்டர் ஒன்றைப் பூட்டினால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. ஸ்டார்ட்டரின் பல் சென்று கடிக்க ஃப்ளைவீலில் பல் வளையம் வேண்டும். பழைய லிஸ்டர் எஞ்சினிலும், அதைப் பார்த்து இந்தியாவின் ராஜ்கோட்டில் செய்யப்படும் எஞ்சின்களிலும் பொதுவாக அது கிடையாது. இந்த இடத்தில்தான் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், அதாவது டைனாஸ்டார்ட், உதவுகிறது.

ஒரு மெஷின், இரண்டு வேலை

இது பெல்ட் மூலம் எஞ்சினுடன் எப்போதும் இணைந்தே இருக்கும். பட்டனை அழுத்தினால் பெட்டரியின் மின்சாரத்தில் மோட்டராகச் சுழன்று எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பற்றி வேகம் எடுத்ததும் அதே திசையில் டைனமோவாகச் சுழன்று பெட்டரியை சார்ஜ் செய்யும். 1950களில் ஜெர்மனியின் ஹைன்கல் ஸ்கூட்டர்களிலும் சிறு கார்களிலும் இது பூட்டப்பட்டது. பெற்றோலில் ஓடும் கோல்ஃப் வண்டிகளிலும் இதே 12 வோல்ட் மெஷின் உண்டு.

நமது வீதிகளில் ஓடும் வேகன் ஆர் ஹைப்ரிட் கார்களிலும் இதே தத்துவம்தான். ஆனால் அதைக் கழற்றி மில் எஞ்சினில் பூட்ட நினைக்க வேண்டாம். காரின் கணினி கட்டளையிடாமல் அது வேலை செய்யாது.

கணக்குப் பார்த்துப் பூட்டுங்கள்

முதலில் கப்பி அளவு. ஃப்ளைவீல் 24 அங்குலம், மெஷினின் கப்பி 5 அங்குலம் என்றால், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற மெஷின் 4.8 சுற்றுச் சுற்றும். அதன் திருப்புவிசையும் கிட்டத்தட்ட அத்தனை மடங்காகி எஞ்சினுக்குப் போகும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் எஞ்சினில் மெஷின் 3,120 சுற்று ஓடும். இது தாங்கக்கூடிய வேகம். இதே கப்பியை 1,500 சுற்று எஞ்சினில் போட்டால் 7,200 சுற்று வரும். மெஷினின் சுருள் சிதறிவிடலாம். ஆகவே மெதுவாக ஓடும் பழைய எஞ்சினுக்கே இது மிகப் பொருத்தம்.

இரண்டாவது, அமுக்கத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரெஷன் லீவர். லீவரைத் தூக்கி வைத்துப் பட்டனை அழுத்துங்கள். ஃப்ளைவீல் நன்றாக வேகம் எடுத்ததும் லீவரை விடுங்கள். அமுக்கத்தை வெல்லும் வேலையை ஃப்ளைவீலின் பாரமே செய்துவிடும். லீவர் இல்லாத எஞ்சினிலும் பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சினிலும் இதைப் பூட்டிக் காசை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, வயர். ஸ்டார்ட் ஆகும்போது 100 அம்பியர் ஓடினால், போக வர 4 மீற்றர் நீளமுள்ள 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. 25 சதுர மில்லிமீற்றர் வயரில் அது 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. ‘மெஷினில் சக்தி இல்லை’ என்ற முறைப்பாட்டுக்கு மெல்லிய வயரே காரணமாக இருக்கலாம்.

சார்ஜ் போதுமா?

100 அம்பியர் வீதம் 10 விநாடி எடுத்தாலும் செலவு 0.28 அம்பியர்-மணி மட்டுமே. 10 அம்பியர் சார்ஜ் ஆனால் சில நிமிடங்களில் அது திரும்பிவிடும். மிச்சத்தில் கடைக்கு நாலைந்து 12 வோல்ட் எல்ஈடி பல்ப் எரிக்கலாம். ஃப்ரிட்ஜ் ஓட்ட முடியாது. மெஷினுக்குரிய ரெகுலேட்டரைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் நின்றதும் பெட்டரி மெஷின் வழியே வடிந்துவிடும்.

மெஷின் சுழலும் திசை எஞ்சினின் திசையோடு ஒத்துப்போகிறதா என்று பூட்டுமுன் வைண்டிங் பாஸிடம் காட்டுங்கள். பெல்ட்டுக்குக் கம்பி வலை மூடி போடுங்கள். சாரனும் சட்டைக் கையும் சிக்கினால் விடாது. பெட்டரியை அரைவைத் தூசு படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எஞ்சினில் கை வைக்குமுன் பெட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். ஹேண்டில் எஞ்சினில் இருக்கும்போது பட்டனைத் தொடவே கூடாது.

மெஷின், ரெகுலேட்டர், பெட்டரி, வயர், வெல்டிங் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எஞ்சினின் அமுக்கம் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அந்தப் பணத்தை முதலில் ரிங், வால்வு வேலைக்குச் செலவிடுங்கள். நல்ல எஞ்சின் என்றால், கரண்ட் போன நாளில் ஆள் தேடாமல் மில்லைத் திறந்து வைப்பதே இந்தச் செலவின் இலாபம்.