காசு உள்ளே போகும், வெளியே வராது: கார்டு பேக் விளையாட்டுகளும் புதிய சட்டமும்

ஆன்லைன் விளையாட்டுகளுக்கான புதிய சட்டத்தின் கீழ் வரைவு விதிகளை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபர் 2 அன்று வெளியிட்டது. அதன் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல அக்டோபர் 31 வரைதான் அவகாசம் இருந்தது. இதற்கிடையே ஆரணி, சேவூர், தேவிகாபுரம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ரம்மி பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பட்டுத் தறி ஓட்டும் ஒரு தந்தை எழுதுகிறார்: "பையன் போன்ல ஏதோ கார்டு விளையாட்டு. பேக் திறக்கணும்னு சொல்லி யுபிஐ-ல காசு போகுது. சீட்டாட்டத்தையெல்லாம் தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே, இது மட்டும் எப்படி ஓடுது?" வேறு சிலர், கார்டைப் படம் பிடித்தால் விலை சொல்லும் செயலிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இலவசமாக ஆட முடிகிற மென்பொருள் சட்டப்படி சரியா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்.

இவை மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். தந்தையின் கேள்விதான் கனமானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமான ஆன்லைன் விளையாட்டு மசோதா, அமளிக்கு நடுவே விவாதமில்லாமல் அன்றைக்கே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இந்த வேகத்துக்கு அரசு சொன்ன காரணம், 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்ற மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 444 ரூபாய் வருகிறது. குடும்பங்களைக் குலைத்தது இந்த 444 ரூபாய் இல்லை. சராசரிக்குள் காணாமல் போய்விடும் சிலரின் லட்சங்கள்தான். யாருக்கு, எந்த வகை விளையாட்டில், எவ்வளவு இழப்பு என்று பிரித்துப் பார்க்காமல் எழுதப்பட்ட சட்டம் என்பதால்தான் அதன் வரையறைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது: பண விளையாட்டு, சமூக விளையாட்டு, இ-ஸ்போர்ட்ஸ். கட்டணமோ வைப்புத் தொகையோ பந்தயப் பொருளோ செலுத்தி, பதிலுக்குப் பண ஆதாயமும் பிற ஆதாயமும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடினால் அது பண விளையாட்டு. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடல் இதில் செல்லாது. பந்தயப் பொருள் என்பதையும் அகலமாகவே வரைந்திருக்கிறார்கள்: பணத்துக்கு ஈடானதாகவோ பணமாக மாற்றக்கூடியதாகவோ ஏற்கப்படுகிற காயின், டோக்கன் எதுவானாலும் அதில் அடங்கும், திரையில் மட்டும் இருப்பதானாலும் விலக்கு இல்லை. சமூக விளையாட்டு என்பது பொழுதுபோக்குக்கானது. அதற்குச் சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம், ஆனால் அது பந்தயமாக இருக்கக் கூடாது.

உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் கார்டு பேக் இந்த இரண்டில் எதில் சேரும்?

உதாரணத்துக்கு, மேஜிக் அரீனா என்ற விளையாட்டில் 'குவிக் டிராஃப்ட்' என்று ஒரு போட்டி உண்டு. நுழைய, அந்த விளையாட்டுக்குள் செல்லும் நாணயமான ஜெம்மில் 750 கட்ட வேண்டும். ஆட்டத்தில் சேர்த்த தங்கக் காசையும் கட்டலாம். காசு சேராதவர்கள் ஜெம் வாங்குவார்கள். 750 ஜெம்மின் அமெரிக்க விலை 4.99 டாலர். மூன்று தோல்விக்குள் ஏழு வெற்றி பெற்றால் 950 ஜெம் திரும்பக் கிடைக்கும். ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறினால் 50 ஜெம். இரண்டு நிலையிலும் கூடவே கார்டு பேக்கும் வரும். அதாவது 750 வைத்தவர் 200 ஜெம் லாபத்தோடு எழுந்திருக்கலாம், 700 ஜெம் நட்டத்தோடும் எழுந்திருக்கலாம். ரம்மி மேசையில் நடப்பதற்கும் இதற்கும் கணக்களவில் எந்த வேறுபாடும் இல்லை.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஜெம்மை ரூபாயாக மாற்ற முடியாது. காசு கொடுத்தால் ஜெம் வரும், ஜெம் கொடுத்தால் போட்டிக்குள் நுழையலாம், கார்டு வாங்கலாம். கார்டிலிருந்தோ ஜெம்மிலிருந்தோ காசுக்கு நேராகத் திரும்பும் பாதை கிடையாது. அரீனாவில் கார்டை இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது. ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு விளையாட்டில் வேண்டாத கார்டைத் தூளாக்கி வேறு கார்டு செய்துகொள்ளலாம். ஒரு லெஜண்டரி கார்டை உடைத்தால் 400 தூள், புதிதாக ஒன்று செய்ய 1,600 தூள். நான்கைக் கொடுத்தால்தான் ஒன்று.

சட்டத்தின் பிடியிலிருந்து நிறுவனத்தைக் காப்பதே இந்த ஒருவழிப் பாதைதான். பண ஆதாயம் இல்லை, ஆகவே பண விளையாட்டு இல்லை என்று அவர்கள் வாதிடலாம். திரைக்குள்ளேயே நின்றுவிடும் ஜெம் 'பிற ஆதாயம்' ஆகுமா என்று சட்டம் தெளிவுபடுத்தவில்லை. இதன் விளைவு எனக்குக் கவலை தருகிறது. போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வர வாய்ப்புள்ள ஆட்டத்துக்கு முழுத் தடை வந்துவிட்டது. ஒரு பைசாவும் திரும்பாது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்த ஆட்டமோ, அதே காரணத்தால் தப்பித்துப் போகலாம். அங்கே பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

பேக்கின் உள்ளே இருக்கும் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024 அக்டோபர் 30 அன்று வெளியான போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற கார்டு விளையாட்டுச் செயலியில் நாளுக்கு இரண்டு பேக் இலவசம். எல்லாக் கார்டும் அரிதானவையாகவே அமைகிற பேக் கிடைக்கும் வாய்ப்பு 0.05 விழுக்காடு என்று செயலியே சொல்கிறது. 2,000-க்கு ஒன்று. இலவசத்தை மட்டும் நம்பினால் ஆண்டுக்கு 730 பேக். 2,000 பேக் திறக்கக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படித் திறந்த பிறகும் 100 பேரில் 37 பேருக்கு அந்தப் பேக் ஒருமுறைகூட வந்திருக்காது. "இத்தனை திறந்தாச்சு, அடுத்தது வந்தே தீரும்" என்று பிள்ளை சொன்னால், அவனுக்குப் புரியவைக்க வேண்டியது இந்த 37-ஐத்தான். ஒவ்வொரு பேக்கும் புதிதாகக் குலுக்கப்படுகிறது. முன்னால் திறந்ததற்கு நினைவு கிடையாது.

நினைவுள்ள ஏற்பாடும் ஒன்று உண்டு, அது கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு பேக்குக்கும் 5 புள்ளி. 2,500 புள்ளி சேர்ந்தால் உச்ச அரிய கார்டை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். அதாவது 500 பேக். ஆனால் புள்ளிகள் அந்தந்தத் தொகுப்புக்கு மட்டுமே செல்லும். புதுத் தொகுப்பு வந்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இலவச பேக்கோடு போனால் 500-ஐ எட்ட 250 நாள் ஆகும். அதற்குள் பல புதுத் தொகுப்புகள் வந்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் காசு கேட்கிறார்கள்.

பிற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. சிதறிய கார்டுகளைச் சேர்த்து முடித்தால் பெரும் பரிசு என்ற குலுக்கல் முறையை ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை 2012-இல் நிறுத்தியது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் கட்டாயமாக்கியது. காசு வாங்கும் சில அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவெடுத்தது. போக்கிமான் செயலி வாய்ப்பு விகிதத்தைக் காட்டுவதற்கு நம் சட்டம் காரணமில்லை. ஆப்பிள் கடை 2017 இறுதியிலேயே அதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. நம் சட்டத்தில் குலுக்கல் விகிதம் பற்றி ஒரு வரியும் கிடையாது.

கார்டை விற்க முடிந்தால் நிலைமை வேறு. இந்தியாவில் அதற்கு நல்ல உதாரணம் ரேரியோ, ஸ்ட்ரைக்கர் ஆகிய தளங்கள். கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் கார்டுகளை அங்கே வாங்கவும் விற்கவும், அவற்றை வைத்து அணி சேர்த்துப் பரிசுக்கு ஆடவும் முடிந்தது. வீரர்களின் பெயரையும் படத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக ரேரியோ தொடர்ந்த வழக்கில் ஸ்ட்ரைக்கருக்கு இடைக்காலத் தடை விதிக்க தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரல் 26 அன்று மறுத்தது. பொதுவெளியில் உள்ள தகவல் யாருக்கும் தனி உடைமை ஆகாது என்றது நீதிமன்றம். அன்று வீரரின் பெயரும் படமும் யாருடையவை என்பதுதான் கேள்வியாக இருந்தது. இன்று அத்தகைய கார்டைப் பந்தயமாக வைத்துப் பணப் பரிசுக்கு ஆடுவது புதிய வரையறைக்குள் நேராக வந்து விழுகிறது.

பேக் விளையாட்டிலோ கார்டு ஆடுபவருடையதே அல்ல. பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் விற்கப்படுகிறது. ஆரணியில் இதைத் தறி வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாளி கொடுத்த டிசைன் அட்டையை ஜக்கார்டு பெட்டியில் ஏற்றி எத்தனை சேலை நெய்தாலும், அட்டை முதலாளியுடையதே. ஆனால் நெய்தவருக்குக் கூலி உண்டு. இங்கே ஆடுபவர்தான் காசு கொடுக்கிறார்.

இதற்காக இந்த விளையாட்டுகளே கெட்டவை என்று சொல்ல மாட்டேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹார்த்ஸ்டோன் காட்சிப் போட்டியாக நடந்தபோது, குஜராத்தின் தீர்த் மேத்தா இந்தியாவுக்கு வெண்கலம் வென்று வந்தார். கணக்கும் நினைவாற்றலும் துணிவும் கேட்கிற ஆட்டம் அது. ஆட்டத்தையும் குலுக்கலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பிரிக்க முடியும் என்பதற்கு ஆதாரம் அந்தக் கல்லூரி மாணவர் கேட்ட மென்பொருள்களிலேயே இருக்கிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993-இல் உருவாக்கிய மேஜிக் ஆட்டத்தைக் காக்கட்ரைஸ், எக்ஸ்மேஜ், ஃபோர்ஜ் ஆகிய இலவச மென்பொருள்களில் ஆடலாம். காக்கட்ரைஸ் வெறும் மேசை. விதியை ஆடுபவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்மேஜ் விதிகளைத் தானே நடத்தி வைக்கும். ஃபோர்ஜில் கம்ப்யூட்டரே எதிராளியாக உட்காரும். மூன்றிலும் பேக் வாங்காமலேயே விரும்பிய கார்டுகளை எடுத்துக் கட்டு அமைக்கலாம். ஆட்டம் துளியும் குறைவதில்லை. அப்படியானால் கார்டை அரிதாக்கி வைப்பது ஆட்டத்தின் தேவை அல்ல, கல்லாவின் தேவை.

விலை சொல்லும் செயலிகள் இன்னொரு வகை. டெல்வர் லென்ஸ், மேனாபாக்ஸ் போன்றவை கையிலிருக்கும் அச்சுக் கார்டைக் கேமராவில் பார்த்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பட்டியலில் சேர்க்கும். அவை காட்டும் விலை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளின் விலை. அந்த டாலர் தொகையை ஆரணியில் யாரும் கொடுக்கப் போவதில்லை. அதை நம்பிப் பிள்ளைகள் கார்டை 'முதலீடு' என்று வாங்க வேண்டாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பிள்ளை ஆடியதற்கு வழக்கு வருமா? இந்தச் சட்டத்தின்படி வராது. பண விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கும் பணம் கைமாற்றுபவருக்கும் தண்டனை உண்டு, ஆடுபவருக்கு இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியை அனுமதித்ததே? 2023 நவம்பரில் மாநிலச் சட்டத்தை ஒட்டிச் சொன்ன தீர்ப்பு அது. மத்தியச் சட்டம் திறமை விளையாட்டுக்கும் விலக்குத் தரவில்லை, அதை எதிர்த்த வழக்குகள் 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

நள்ளிரவு 12 முதல் 5 வரை தமிழ்நாட்டில் ஆடக் கூடாதாமே? அது பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கான விதி, கார்டு பேக்குக்குப் பொருந்தாது.

டிஜிட்டல் உரிமைச் சான்றான என்எஃப்டி கார்டு விற்று லாபம் வந்தது, வரி உண்டா? 30 விழுக்காடு, அதன் மேல் செஸ். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

இலவச மென்பொருளில் ஆடினால் தவறா? இந்தச் சட்டம் தடுக்கவில்லை. கார்டுப் படங்களின் பதிப்புரிமை நிறுவனத்துடையது, காசுக்கு விற்காதீர்கள்.

செயலியை மூடிவிட்டால் வாங்கிய கார்டு? போக்கிமானின் பழைய ஆன்லைன் விளையாட்டு 2023 ஜூன் 5 அன்று மூடப்பட்டது. அங்கே வைத்து ஆட இனி வழியில்லை.

விலை சொல்லும் செயலியில் சேர்த்த பட்டியல் அழிந்துவிடுமா? மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள்.

தெரியாமல் வாங்கியதற்குப் பணம் திரும்புமா? கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் விண்ணப்பியுங்கள்; தாமதித்தால் கடினம்.

விதிகளில் என்ன கேட்க வேண்டும்? குலுக்கல் விகிதத்தை வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழ் மாதச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும், ஜெம் விலையை ரூபாயில் சொல்ல வேண்டும் என்று மூன்று வரி போதும்.