உங்களுக்குத் தெரியுமா? வேலியோரத்து விருந்தாளி
மார்கழிக் காலையில் தருமபுரிப் பக்கம் தோட்டத்து வேலியோரமாக நடந்தால், புதருக்குள்ளிருந்து ‘செக்… செக்…’ என்று வறண்ட குரல் கேட்கும். ஆளைத் தேடினால் எளிதில் சிக்காது. பொறுமையாக நின்றால், மங்கிய பழுப்பு முதுகும் கண்ணுக்கு மேல் வெளிறிய கோடுமாக ஒரு சிறு குருவி கிளைவிட்டுக் கிளை தாவிப் பூச்சி பொறுக்குவது தெரியும். பெயர், பிளைத் நாணல் கதிர்க்குருவி. எடை சுமார் 12 கிராம்தான்! ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. வெயில் ஏறியதும் திரும்பிவிடும்.

ஒகேனக்கல் பாறைகளில் வாலை ஆட்டியபடி ஓடும் வெண்புருவ வாலாட்டியோ ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் உள்ளூர்க்காரர். அந்தக் காவிரிக்கரைக் காடுகளில் 686 சதுர கி.மீ. பரப்பு, 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமானது.

காட்டுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுத் தோட்டத்திலேயே 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதியலாம். இந்தப் பொங்கலுக்கு நீங்களும் குழந்தைகளோடு கலந்துகொள்ளுங்கள்!